ஜாகை எங்கே?

ஊர் பார்க்கப் புறப்படும் நம்மவர்கள், பார்க்க வேண்டிய இடங்களுக்கு நீளமான ஜாபிதா ஒன்று தயாரிப்பார்கள். கோயில், கோட்டை, அருவி, அணைக்கட்டு எதுவும் அதில் விட்டுப் போகாது. ஆனால் இரவில் எங்கே தலை சாய்ப்பது என்ற கேள்விக்கு மட்டும், "போன இடத்தில் பார்த்துக் கொள்ளலாம்" என்ற பதில் தயாராக இருக்கும். தனி ஆள் பிரயாணத்துக்கு அது போதும். பாட்டியும் கைக்குழந்தையும் உடன் வரும்போதோ, பிரயாணத்தின் இன்ப துன்பங்களை நிர்ணயிப்பது பார்க்கும் இடமல்ல, தங்கும் ஜாகையேயாகும்.

சில இடங்களின் விஷயத்தில் ஜாகைக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்தின் லங்காஸ்டர் பிரதேசத்தில் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவ சமூகத்தார் வசிக்கிறார்கள். 1693ஆம் வருஷம் ஐரோப்பாவில் தனிப் பிரிவாகத் தோன்றி, 18ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து குடியேறியவர்களின் சந்ததியார் இவர்கள். மோட்டார் வண்டி வைத்துக் கொள்ளாமல் குதிரை வண்டியில் செல்வதும், ஆடம்பரமற்ற உடை தரிப்பதும் அவர்களுடைய கொள்கை. அந்த எளிய வாழ்வைக் காண்பதற்கென்றே ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அவர்கள் தங்குவதற்கு மரக் குடில்களும் கூடார மைதானங்களும் சுற்றிலும் ஏற்பட்டிருக்கின்றன. படத்துக்கு நின்று காட்ட விரும்பாத அந்த மக்களை நோக்கிக் காமிராக்கள் நீளுகின்றன. எளிய வாழ்வு வேடிக்கைப் பொருளாகிவிடும் விபரீதத்தை என்னவென்று சொல்வது?

எளிமையைக் கொள்கையாகக் கொண்ட ஓர் இடம் நம் நாட்டிலும் இருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் ராஜபாட்டையில் சுமார் 11 கிலோமீட்டர் சென்றால், நெசவுக்குப் பேர்போன சின்னாளபட்டி வரும். அதை அடுத்தாற்போல் சிறுமலையின் அடிவாரத்தை நோக்கியிருப்பது காந்திகிராமம். அருகிலுள்ள ரயில் நிலையம் அம்பாத்துரை. 1946ஆம் வருஷம் மகாத்மா மதுரையிலிருந்து பழனிக்கு ரயிலில் சென்றது இந்த வழியாகத்தான். பாரத நாடு சுதந்திரம் பெற்ற இரண்டாவது மாதத்தில், 1947 அக்டோபரில், டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரனும் இந்த ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். அம்மையார் செல்வர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் புதல்வி. ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் பயின்றவர். பட்டணத்தில் சுகமாக இருந்திருக்கக்கூடிய இருவர் இந்தக் கரிசலும் செம்மண்ணும் கலந்த பூமியைத் தேடி வந்ததே ஒரு பெரிய பாடம்.

சின்னாளபட்டியில் சிறு வைத்தியசாலையாக ஆரம்பித்தது பின்னர் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ஆதரவற்ற குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் இல்லம், கதர், கிராமக் கைத்தொழில், சித்த மருந்து தயாரிப்பு, பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் கிளைத்தன. 1956இல் கிராமியக் கல்வி நிலையம் தோன்றி, 1976இல் பல்கலைக்கழக அந்தஸ்தை அடைந்தது. 1959இல் இந்தியாவுக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங் இங்கும் வந்து சென்றார். இவ்வளவையும் குழந்தைகளுக்குக் காட்ட விரும்பும் குடும்பஸ்தர் எங்கே தங்குவது?

முதலாவது, திண்டுக்கல் நகரம். விடுதிகளுக்குக் குறைவில்லை. ரயிலடியும் பஸ் நிலையமும் வைத்திய வசதியும் பக்கத்திலேயே. ஹைதர் அலி படைத்தலைவராக வந்து அதிகாரம் செலுத்திய மலைக்கோட்டை ஊருக்கு நடுவே மொட்டைப் பாறையாக நிமிர்ந்து நிற்கிறது. காலை வெயில் ஏறுமுன் குழந்தைகளுடன் ஏறி இறங்கிவிடலாம். பிற்பகலில் பாறை சுட்டுப் பொசுக்கும். சீரகச் சம்பா பிரியாணியின் மணத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் காலெடுத்து வைத்ததும் அதுவே தன்னை அறிமுகம் செய்து கொள்ளும். நகரத்தின் குறை சந்தடியும் புழுக்கமுமே. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன ஊராதலால், கோடையில் செல்கிறவர்கள் விடுதியில் முதலில் கேட்க வேண்டியது கட்டிலைப் பற்றியல்ல, குழாயைப் பற்றி.

இரண்டாவது, சிறுமலை. திண்டுக்கல்லிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 18 கொண்டை ஊசி வளைவுகள். மேலே குளிர்ந்த காற்று, பலாவும் எலுமிச்சையும் காப்பியும் விளையும் தோட்டங்கள், புவிசார் குறியீடு பெற்ற மலை வாழைப்பழம், பொதி சுமக்கும் குதிரைகள். தோட்டங்களுக்கிடையே தங்கும் குடில்களும் உண்டு. ஆயினும் வளைவுகளில் குழந்தைகளுக்கு வாந்தி வரும். அவசரமென்றால் வைத்தியருக்காகக் கீழே இறங்க வேண்டும். இருட்டிய பின் காட்டுமாடுகள் பாதையில் குறுக்கிடுவதும் உண்டு. வனத்தில் இஷ்டம்போல் கூடாரம் அடிக்கச் சட்டமும் இடம் கொடாது. கால் வலுவும் துணிவும் உள்ளவர்களுக்கு ஓர் இரவு அது சொர்க்கம். முதியவர்களை அழைத்துச் செல்கிறவர்கள் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடுவதே உத்தமம்.

மூன்றாவது, காந்திகிராமத்திலேயே தங்குவது. விருந்தினர் விடுதி இருக்கிறது. ஆனால் அது உல்லாசப் பிரயாணிகளுக்காக ஏற்பட்டதல்ல. கல்வி, சேவை சம்பந்தமான காரியமாக வருகிறவர்களுக்கே முதல் உரிமை. ஆதலால் முன்கூட்டி எழுதிக் கேட்டு, அனுமதி கிடைத்தால் மட்டுமே செல்ல வேண்டும். கிடைத்தால் அது பாக்கியம். கிடைக்காவிட்டால் வருந்துவதற்கு ஒன்றுமில்லை.

கைக்குழந்தையும் முதியவரும் உள்ள குடும்பத்துக்கு என் யோசனை இது: திண்டுக்கல்லில், முடிந்தால் மதுரைச் சாலைப் பக்கமாக, இரண்டு இரவுகள் தங்கலாம். கோடையைத் தவிர்த்து, மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் செல்லலாம். ஒரு நாள் மலைக்கு. ஒரு நாள் முழுவதும் காந்திகிராமத்துக்கும் சின்னாளபட்டிக்கும். அந்த இரண்டாவது நாளை அவசரமின்றிச் செலவிட வேண்டும் என்பதற்காகவே மற்ற ஏற்பாடுகளெல்லாம். தூக்கமும் குளிக்கத் தண்ணீரும் சரியாக அமைந்த குழந்தையே பொறுமையாக நின்று நூல் நூற்பதைப் பார்க்கும். அமையாத குழந்தை அழும், பெற்றோர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

இல்லத்துக் குழந்தைகள் கண்காட்சிப் பொருள்கள் அல்லர். நெசவாளியின் வீடு அவருடைய வீடு. தறி இருப்பதனால் அது பொதுச் சாவடியாகிவிடாது. அனுமதி பெற்று நுழைவதும், கேட்டுப் படம் எடுப்பதும், வேண்டாமென்றால் காமிராவை மூடி வைப்பதும் பெரியவர்கள் செய்து காட்டினால் சிறியவர்கள் தாமே கற்றுக் கொள்வார்கள். கைத்தறிகள் முன்போல் பெருகியிராத இக்காலத்தில், தறியில் நெய்தவரிடமே பேரம் பேசாமல் ஒரு சேலை வாங்குவது, அங்கே எடுக்கும் நூறு படங்களைவிட மேலானது.

ஜாகையைத் தேர்ந்தெடுப்பது வாடகைக் கணக்கு மட்டுமன்று. நாம் அந்த ஊருக்கு வேடிக்கை பார்ப்பவர்களாகப் போகிறோமா, விருந்தாளிகளாகப் போகிறோமா என்பதைத் தீர்மானிக்கும் காரியம் அது. விருந்தாளி அவகாசத்துடன் வருவான், அழைத்த இடத்தில் அமருவான், கொடுத்ததைப் போற்றுவான். அந்தப் பண்போடு செல்லும் குடும்பத்துக்குத் திண்டுக்கல் சீமை குறைவில்லாமல் கொடுக்கும்.