எரிந்தது எது, எரித்தது எது

ஆம்ப்ளிஃபயர் ஒன்று புகைந்து நின்றுவிட்டால், கருகிய பாகத்தைக் கழற்றிவிட்டு அதே எண்ணுள்ள புதியதைப் பொருத்துவதே பழுதுபார்ப்பு என்று பலரும் கருதுகின்றனர். ஆயினும் கருகிக் கிடக்கும் பாகம் பெரும்பாலும் வேறெங்கோ நேர்ந்த கோளாறின் சுமையைத் தாங்க மாட்டாமல் வீழ்ந்ததாகவே இருக்கிறது.

கடைசிக் கட்டத்தில் ஸ்பீக்கருக்கு மின்னோட்டத்தை வழங்கும் பெரிய டிரான்சிஸ்டர்கள் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எனப்படும். 1960-களில் ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்ட 2என்3055-உம் அதன் எதிர்வகை இணையான எம்ஜே2955-உம், பிளஸ் 25 வோல்ட், மைனஸ் 25 வோல்ட் என்னும் இரு சப்ளைகளுக்கு நடுவே வேலை செய்யும் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். இவற்றுள் ஒன்று 'ஷார்ட்' ஆகிவிட்டால், அதாவது அதன் கலெக்டர், எமிட்டர் என்னும் இரு முனைகளும் உள்ளே உருகி ஒன்றாகிவிட்டால், 25 வோல்ட் நேர்மின்னழுத்தம் முழுவதும் ஸ்பீக்கரின் மேல் விழுகிறது. 8 ஓம் என்று குறிக்கப்பட்ட ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில், அதாவது கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள், நேர்மின்சாரத்துக்குச் சுமார் 6 ஓம் தடையே காட்டுவதால் 4 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாய்ந்து, ஏறக்குறைய 100 வாட் வெப்பம் அதில் தேங்குகிறது. கூம்பு ஒரு பக்கம் தள்ளப்பட்டு அசைவற்று நிற்பதால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிச் சுருள் கருகிவிடுகிறது. ஸ்பீக்கரைக் கழற்றிவைத்த பின்னரே சோதனையைத் தொடங்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து அளக்கும்போது, நல்ல சிலிக்கன் டிரான்சிஸ்டரின் பேஸ் என்னும் மூன்றாம் முனைக்கும் எமிட்டருக்கும் இடையே ஒரு திசையில் மட்டும் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே இரு திசையிலும் பூச்சியம் காட்டினால் அது ஷார்ட். அத்துடன் நின்றுவிடாமல், அதற்கு முன்னிருக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்களையும், 0.22 ஓம் போன்ற சிறு மதிப்புள்ள எமிட்டர் ரெசிஸ்டர்களையும் அளந்துவிட வேண்டும். கட்டங்கள் நேரடியாக இணைந்திருப்பதால் ஒன்றின் அழிவு அடுத்ததையும் இழுத்துச் செல்லும்.

மிகுந்த கவனம் வேண்டுவது பயாஸ் பகுதிக்கே. பாட்டு ஒலிக்காத வேளையிலும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் சில மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்குமாறு செய்வது பயாஸ். அது இல்லையேல் மெல்லிய ஒலி கரகரக்கும். டிரான்சிஸ்டர் சூடேறச் சூடேற இந்த ஓட்டம் தானே பெருகும் இயல்புடையது என்பதால், ஒரு சிறிய டிரான்சிஸ்டரை, வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கோடு ஒட்டிப் பொருத்தி, சூட்டை உணர்ந்து ஓட்டத்தைக் குறைக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்திருப்பார்கள். முந்தைய பழுதுபார்ப்பின்போது அதன் திருகு இறுக்கப்படாமல் விடப்பட்டிருந்தாலோ, பயாஸைத் திருத்தும் பிரிசெட் என்னும் சிறு மாறுதடையின் தொடுமுனையில் துரு ஏறியிருந்தாலோ, புதிய அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் சிறிது நேரத்தில் எரிந்துபோகும். மலிவான அந்தப் பிரிசெட்டையும் சேர்த்தே மாற்றிவிடும் மெக்கானிக்கின் நிதானம் பெரிதும் மதிக்கத்தக்கது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அங்கே தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் பழக்கமோ உண்மையான கேடு, ஏனெனில் அடுத்த முறை டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து எரியும்.

பாகங்களை மாற்றி, மைக்கா தகடும் ஹீட் சிங்க் பேஸ்ட்டும் இட்டுப் பொருத்திய பின்னும் நேரடியாக மின்சாரம் கொடுப்பதில்லை. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரிணைப்பில், அதாவது மின்சாரம் பல்பின் வழியாகவே ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும்படி, இணைப்பார்கள். பல்பின் இழை குளிர்ந்திருக்கையில் அதன் தடை மிகக் குறைவு. எரியும்போது பத்து மடங்குக்கும் மேல் உயர்கிறது. எனவே உள்ளே ஷார்ட் எஞ்சியிருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து பாகங்களைக் காக்கும். எல்லாம் சரியாயிருந்தால் கெப்பாசிட்டர்கள் நிரம்பும்வரை ஒருமுறை ஒளிர்ந்து மங்கிவிடும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு மங்கிய பின், ஸ்பீக்கர் முனையில் நேர்மின்னழுத்தம் 50 மில்லி வோல்ட்டுக்குள் இருப்பதை உறுதிசெய்து, பல்பை நீக்கி, பயாஸைத் திருத்தி, ஹீட் சிங்க் நன்றாகச் சூடேறிய பிறகு அதே அளவுகளை மறுபடியும் எடுத்துப் பார்த்தே பழைய ஸ்பீக்கர் ஒன்றை முதலில் இணைப்பார்கள்.