வியாபாரிகளுக்கு மட்டும்

கண்காட்சி என்பது நேயர்கள் அறியாததொன்றன்று. 2010ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்தில் நடந்துவரும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சிக்கு நாமும் குடும்பத்தோடு சென்றிருக்கிறோம். சிறு தொகை கொடுத்துச் சீட்டு வாங்கினால் உள்ளே போகலாம். நீர் யார், எதற்காக வந்தீர் என்று ஒருவரும் கேளார். ஆனால் கண்காட்சிகளில் வேறோர் இனமும் உண்டு. யந்திரங்களைச் செய்வோர், விற்போர், வாங்குவோர் ஆகிய மூவருக்கே அங்கு பிரவேசம். ஆசை ஒன்றினால் மட்டும் வந்து நிற்பவனுக்கு இடமில்லை. அத்தகைய ஒன்றினுள் 2024ஆம் ஆண்டில் நாம் நுழைந்த கதை இது. அதில் எமக்குப் பெருமை எதுவுமில்லை என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம்.

எமது ஊர் பரந்தன். 1950களில் அங்கே எழுந்த இரசாயனத் தொழிற்சாலையைப் பற்றி மூத்தோர் அறிவர். ஆனையிறவு உப்பைக் கரைத்து, அக்கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் பிரித்தெடுத்த இடம் அது. எம் தந்தையார் அங்கே வேலை பார்த்தார். மாலையில் அவர் திரும்பும்போது காக்கிச் சட்டையில் ஒரு காரநெடி வரும். அதைக்கொண்டே படலையடிக்கு யார் வந்திருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். ஏழு வயதில் ஒருமுறை அவருடைய சைக்கிள் பாரில் ஏறித் தொழிற்சாலை வாயில்வரை போனோம். "சின்னப் பிள்ளையளுக்கு உள்ளே அனுமதியில்லை" என்று காவலாளி சிரித்துக்கொண்டே தடுத்துவிட்டார். வளர்ந்ததும் பார்க்கலாம் என்று தந்தையார் தேற்றினார். நாம் வளர்வதற்குள் யுத்தம் வந்து தொழிற்சாலையை மூடிவிட்டது.

உள்ளே என்ன இருந்தது என்ற கேள்வி மாத்திரம் மூடப்படவில்லை. 1990களில் மின்கலம் வன்னிக்கு வராத நாள்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுள் நாமும் ஒருவர். செத்த பற்றரிகளைப் பிளந்து கரிக்கோல்களை எடுத்து, உப்பு நீர்ப் போத்தலில் நட்டு, அதே டைனமோவின் மின்சாரத்தைத் திருத்திப் பாய்ச்சினோம். குமிழிகள் கிளம்பின, தந்தையாரின் சட்டை நெடியும் கிளம்பியது. அன்று தொட்ட பைத்தியம் இன்னும் விட்டபாடில்லை.

கொழும்பில் நீர்ச் சுத்திகரிப்பு யந்திரங்களுக்கான கண்காட்சியொன்று நடக்கப்போவதாகவும், உப்பிலிருந்து நின்ற இடத்திலேயே குளோரின் மருந்து செய்யும் பொறி அங்கு வருவதாகவும் அறிந்தபோது எமக்கு நித்திரை போயிற்று. விண்ணப்பத்தைப் பார்த்தால், நிறுவனத்தின் பெயர் என்ன, உமது பதவி என்ன, கொள்வனவு செய்யும் அதிகாரம் உண்டா என்று ஒரே குடைச்சல். ஆசிரியன் என்று எழுதினோம். வர்த்தகத் துறையினருக்கு மட்டும் என்று மறுமொழி வந்தது.

இதில் அவர்களைக் குறை கூற முடியாது. பல இலட்சம் கொடுத்து இடம் பிடித்தவன் வாங்குபவனைத்தானே தேடுவான்? அமெரிக்காவில் 1967 முதல் நடைபெறும் நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியும் இன்றுவரை துறைசார்ந்தோருக்கு மட்டுமே உரியது. லொஸ் ஏஞ்சலிஸில் 1995இல் தொடங்கிய வீடியோ விளையாட்டுக் கண்காட்சியும் அப்படியே இருந்தது. 2017இல்தான் 15,000 சீட்டுகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். ஆயினும் 1851இல் லண்டன் மாநகரில் நடந்த மகா கண்காட்சியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதல் நாள்களில் சீமான்களுக்கே எட்டும் கட்டணம். மே மாதம் 26ஆந் திகதி முதல் ஒரு ஷில்லிங் நாள்கள். கூலியாள்கள் புகைவண்டியேறி வந்து நீராவி யந்திரங்களை வாய்பிளந்து பார்த்தார்கள். மொத்தம் 60 இலட்சம் பேர் வந்தனர். அவர்களுள் எத்தனை பேர் யந்திரம் வாங்கியிருப்பார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டைக் காட்டி வாயிலில் வாதாட முடியாது. அச்சகம் நடத்தும் நண்பர், "மச்சான், ஐம்பது காட் அடிச்சுத் தாறன், நீ முதலாளி" என்றார். மாணவனொருவன் பரீட்சையில் எட்டிப் பார்த்தால் அதட்டும் நாம், இல்லாத கம்பனிக்கு உரிமையாளரானோம். இரவு பஸ்ஸில் கொழும்பு போய்ச் சேரும்வரை அந்த அட்டைகள் சட்டைப் பையில் கனத்தன. வாயிலிலிருந்த பெண்பிள்ளை ஓர் அட்டையை வாங்கிக்கொண்டு, "வாங்கோ சேர்" என்று கழுத்துப்பட்டி தந்தபோது அவளது முகத்தைப் பார்க்க எம்மால் ஆகவில்லை.

உள்ளே பொறி நின்றது. ஓர் அலுமாரியளவுகூட இல்லை. டைற்றேனியத் தகடுகள் வரிசையாக நிற்க, நூற்றுக்கு மூன்று பங்களவு உப்புள்ள நீர் அவற்றினூடே ஓடுகிறது. தந்தையாரின் தொழிற்சாலையில் குளோரினையும் சோடாவையும் தனித்தனியே பிரித்தார்கள். இங்கே இரண்டும் ஒரே கலத்தில் கூடிக் கிருமிநாசினித் திரவமாக வெளிவருகின்றன. ஐதரசன் மாத்திரம் குழாய்வழியே மேலே போய்விடுகிறது. விற்பனை உத்தியோகத்தர் இளைஞர், தமிழர். மூடியைக் கழற்றித் தகட்டைக் காட்டினார். அரை மணி நேரத்துக்கு மேல் எம்முடைய கேள்விகளுக்கெல்லாம் விடை சொன்னார். பின்னால் இருவர் காத்து நின்று அலுத்துப் போய்விட்டார்கள். பிறகு அவர் பேனாவை எடுத்து, "அப்ப எத்தனை யூனிற் எழுத, ஐயா?" என்றார்.

அப்போதுதான் களவின் விலை எமக்கு விளங்கியது. வாயிலில் ஏமாற்றியது ஒரு விதியை; இங்கே ஏமாற்றியது, வயிற்றுப்பாட்டுக்கு நிற்கும் ஒரு பிள்ளையின் காலை நேரத்தை. அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு உள்ளதைச் சொன்னோம். அவர் முகம் கறுத்தது. மூடியைப் பூட்டினார், நாலு ஆணிகளையும் இறுக்கி முடியும்வரை பேசவில்லை. பின்பு, "மாஸ்டர் எண்டு முதலே சொல்லியிருக்கலாமே. கடைசி நாள் பின்னேரம் ஒருத்தரும் வராயினம். அப்ப வந்திருந்தால் முழுக்கக் கழற்றிக் காட்டியிருப்பன்" என்றார். அடித்திருந்தாற்கூட அவ்வளவு வலித்திராது.

வீடு திரும்பியதும் மிஞ்சிய அட்டைகளை ஆய்வுகூடப் போத்தல்களுக்குப் பெயரெழுதக் கொடுத்துவிட்டோம். தந்தையாருக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நாம் சொன்னதையெல்லாம் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடியபடி கேட்டார். அட்டைச் சங்கதியை மறைக்காமல் சொன்னோம். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கிட்ட நிண்டனியே, குளோரின் மணம் வந்ததே?"

"இல்லை, ஐயா."

"அப்ப ஒழுக்கில்லை. நல்லாச் செய்திருக்கிறாங்கள்" என்று சொல்லி வெற்றிலைத் தட்டத்தை எடுத்துத் தரச் சொன்னார்.