குதிக்கும் முன்னே கற்ற குரல்

வேத வாசிப்பு: யோவான் 10:1-16, 20:11-18



இந்த வாரம் உங்களை ஒரு கடற்பாறையின் விளிம்புக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். வடகடல் நாடுகளின் செங்குத்துப் பாறைகளில் கில்லிமாட் என்னும் கடற்பறவை வாழ்கிறது. கருமை படர்ந்த முதுகும் வெள்ளை வயிறும் கொண்ட அந்தப் பறவை ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். அது கூடு கட்டுவதில்லை. கடலை நோக்கிய பாறை விளிம்பில், வெறும் கல்லின்மேல், ஒரே ஒரு முட்டை இடுகிறது. நெருக்கமான இடங்களில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 20 ஜோடிகள்வரை தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அத்தனை பறவைகளின் கூச்சலும், கீழே மோதும் அலைகளின் இரைச்சலும், ஓயாத காற்றும் சேர்ந்த இடம் அது.

அந்தக் குஞ்சு ஏறக்குறைய மூன்று வாரம் மட்டுமே பாறையில் இருக்கும். அதன்பின் ஒரு நாள், வெளிச்சம் மங்கும் மாலை வேளையில், அது கடலில் குதித்தாக வேண்டும். அப்பொழுது அதற்குப் பறக்கத் தெரியாது; எடையும் வளர்ந்த பறவையின் எடையில் கால் பங்குதான். கீழே கடலில் நின்று தகப்பன் கூப்பிடும். குஞ்சு கீச்சிட்டுக்கொண்டே விளிம்புக்கு வரும், தயங்கும், பின்வாங்கும், மறுபடியும் வரும், முடிவில் குதித்துவிடும். அதே மாலையில் மற்றக் குஞ்சுகளும் குதிக்கின்றன, மற்றத் தகப்பன்களும் கூப்பிடுகின்றன. அந்த இருளிலும் இரைச்சலிலும் தகப்பனும் குஞ்சும் குரலைக்கொண்டே ஒன்றையொன்று கண்டுபிடித்துச் சேர்ந்துகொள்கின்றன. பின்பு இரண்டும் கரையை விட்டு நீந்திப் போய்விடும். ஒரு மாதத்திற்கும் மேலாக, நடுக்கடலில் தகப்பனே அதற்கு இரை ஊட்டுகிறது.

அந்தக் குஞ்சு தகப்பனின் குரலை எப்பொழுது கற்றுக்கொண்டது? 1960-களில் நார்வேயின் ரோஸ்ட் தீவுப் பாறைகளில் இந்தப் பறவைகளை ஆராய்ந்த பேயட் ட்சான்ஸ் என்னும் சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் இதற்கு விடை கண்டார். குஞ்சு வெளிவருவதற்குச் சில நாட்களுக்கு முன்பே, முட்டையின் ஓட்டில் கீறல் விழுந்த வேளையிலேயே, உள்ளிருந்து அது கீச்சிடுகிறது. பெற்றோர் பதில் கொடுக்கின்றன. ஆராய்ச்சிக் கூடத்தில் பொரிக்க வைத்த முட்டைகளுக்கு ஒரு பறவையின் குரற்பதிவைக் கேட்கச் செய்தார்கள். பொரித்து வந்த குஞ்சுகளுக்கு இரு பக்கத்திலிருந்தும் இரு வேறு குரல்களைக் கேட்பித்தபோது, அவை முட்டைக்குள் கேட்டிருந்த குரலை நாடிப் போயின. கண் திறந்து தகப்பனைப் பார்ப்பதற்கு முன்னே, காது அவரை அறிந்துவிடுகிறது.

அன்பானவர்களே, இன்னொரு பறவையையும் கவனியுங்கள். அதே பாறைகளில் கிட்டிவேக் என்னும் ஒருவகைக் கடற்காகமும் வாழ்கிறது. அது சேறும் புல்லும் கடற்பாசியும் சேர்த்துக் கிண்ணம்போன்ற கூடு கட்டும். அதன் குஞ்சு பறக்கும்வரை கூட்டைவிட்டு நகராது. ஆகையால் பெற்றோர் குஞ்சைத் தனித்து அறிய வேண்டிய தேவையே இல்லை. வேறொரு கூட்டின் குஞ்சை எடுத்து வைத்தாலும் அதற்கே இரை ஊட்டும். கூடு இருக்கும் இடம் தெரிந்தால் போதும்.

இதை வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் கடந்துவந்த ஓர் இரவு நினைவுக்கு வந்தது.

என் மனைவியை அவசர அறுவைச் சிகிச்சைக்காக உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். நடைபாதையில் ஓர் இரும்பு நாற்காலியில் அமர்ந்திருந்தேன். மணி இரண்டு இருக்கும். கையில் வேதாகமம் இருந்தது, திறந்தேன். நான் எத்தனையோ வீடுகளில், எத்தனையோ கட்டில்களின் அருகில் வாசித்த பகுதிதான். அன்று எழுத்துகள் தெரிந்தன, குரல் கேட்கவில்லை. ஜெபிக்க முயன்றேன், நன்கு பழகிய வாக்கியங்கள் பாதியிலேயே நின்றுபோயின. 'ஆண்டவரே' என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. அந்த இரவில் என்னை அச்சுறுத்தியது என் மனைவியின் நோய் மட்டுமன்று. இருபது ஆண்டுகள் பிரசங்கித்த நான் அவர் குரலை அறிந்தவன்தானா என்ற கேள்வியும் என்னை வாட்டியது.

பின்னாட்களில் காரணத்தை எனக்கே ஒப்புக்கொண்டேன். அதற்கு முந்திய நீண்ட காலம், பிரசங்கத்திற்குக் குறிப்பெடுக்கும் நோக்கமின்றி நான் வேதத்தைத் திறந்ததே இல்லை. பீடமும் அங்கியும் ஆராதனை ஒழுங்கும் என்னைச் சுற்றி ஒரு கூடுபோல இருந்தன. அந்த இடத்தில் ஆண்டவர் இருப்பார் என்று எனக்குத் தெரியும். இடம் மாறியபோது நான் திகைத்து நின்றேன்.

விடியற்காலையில் நம் சபையின் முதிய தாயார் ஒருவர் முதல் பேருந்தில் வந்து சேர்ந்தார். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் அமர்ந்து, இருபத்து மூன்றாம் சங்கீதத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை மெதுவாகச் சொன்னார். முடித்ததும் மறுபடியும் சொன்னார். "எப்படி அம்மா இதைக் கற்றீர்கள்?" என்று பிறகு கேட்டேன். "எங்க அம்மா களத்துல நெல்லுத் தூத்தும்போது சொல்லிக்கிட்டே இருப்பாங்க ஐயா. நான் கைப்பிள்ளையா மரத்தடித் தூளியில கிடப்பேனாம். கேட்டுக் கேட்டே வந்ததுதான்" என்றார்.

ஓட்டுக்குள்ளேயே குரலைக் கற்றவர் அவர். கணவரைப் புதைத்த நாளிலும் வெள்ளத்தில் வீட்டை இழந்த நாளிலும் அந்தக் குரலை நோக்கியே குதித்திருக்கிறார்.

மகதலேனா மரியாளை நினைத்துப் பாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் அவளுடைய கண்கள் ஆண்டவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணின. அவர் பேர் சொல்லி அழைத்த கணத்தில் அறிந்துகொண்டாள். கலிலேயாவின் பாதைகளிலே கேட்டுப் பழகிய குரல் அது. நல்ல மேய்ப்பன் தம் ஆடுகளைப் பேர்சொல்லி அழைக்கிறார், அவை அவர் சத்தத்தை அறிந்திருக்கின்றன என்று ஆண்டவர் முன்பே போதித்தது அன்று அவளிடத்தில் நிறைவேறியது.

ஆனால், இத்துடன் நிறுத்தினால் பாதி உண்மையையே சொன்னவனாவேன். கில்லிமாட் பாறையில் குஞ்சு தகப்பனை அறிவதுபோலத் தகப்பனும் குஞ்சை அறிகிறது. அந்த மாலையின் பேரிரைச்சலில் தன் குஞ்சின் மெல்லிய கீச்சொலியை அது பிரித்து அறிந்து, அதை நோக்கி நீந்தி வருகிறது. அன்று நடைபாதையில் நான் அவர் குரலைக் கேட்கவில்லை. அவர் என் குரலைக் கேட்டார் என்று இன்று விசுவாசிக்கிறேன். 'ஆண்டவரே' என்ற அந்த ஒற்றைச் சொல் ஒரு குஞ்சின் கீச்சொலியளவே இருந்தது. அதை அறிவதற்குத் தகப்பனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. படிக்காத ஒரு தாயாரை முதல் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்.

என் மனைவி சுகமடைந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். குரலை அறிந்து குதிக்கும் குஞ்சுகள் எல்லாமே பிழைப்பதில்லை. பெருங்கடற்காகங்கள் சிலவற்றைப் பறித்துச் செல்கின்றன. உங்களில் சிலர் என்னைப்போலவே காத்திருந்து, வெறுங்கையோடு வீடு திரும்பினீர்கள். உங்கள் முன் எளிதான விளக்கத்தோடு நிற்க எனக்குத் துணிவில்லை. ஆயினும் ஒன்று சொல்லுவேன்: பறவையின் காவலுக்கு எல்லை உண்டு. நம்மை அழைக்கிறவரோ மரணத்தின் ஆழத்திலும் தாமே இறங்கி, அங்கிருந்தும் நம்மைப் பேர்சொல்லி அழைக்கிறவர்.

குதிக்க வேண்டிய மாலை எப்பொழுது வரும் என்று நம்மில் எவருக்கும் தெரியாது. அந்த மாலையில் புதிதாய்க் குரலைக் கற்றுக்கொள்ள நேரம் இராது. ஆகவே இந்த வாரம் ஒரு சங்கீதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தினமும் அதையே வாய்விட்டு வாசியுங்கள். சமையலறையில் சொல்லுங்கள், தொட்டிலருகே சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சுக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. ஆனால் அது கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஜெபம்: எங்களை அறிந்திருக்கிற தகப்பனே, அமைதியான நாட்களில் உமது குரலைக் கற்றுக்கொள்ள எங்களுக்குச் செவி தாரும். எங்கள் செவி மந்தமாகும் நாளில், எங்கள் சிறு கூப்பிடுதலை நீர் அறிந்து வாரும். பாறையின் விளிம்பில் இன்று நடுங்கி நிற்கும் ஒவ்வொருவரையும் பேர்சொல்லி அழையும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.