மழைக்கு ஒதுங்கினோம்

சென்னைவாசிகளாகிய நமக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. மழை வரவில்லை என்றால் குடத்தை வைத்துக்கொண்டு புலம்புவோம். வந்துவிட்டால் குடையை வைத்துக்கொண்டு புலம்புவோம். இந்த நகரத்தில் ஓர் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஒன்பது மாதம் மழைக்கு ஏங்கிவிட்டு, மூன்று மாதம் அதைத் திட்டுவது என்ன நியாயமோ தெரியவில்லை!

மழைக்கால விடுமுறையின் லட்சணம் ஒவ்வொரு குடும்பத் தலைவிக்கும் தெரிந்ததுதான். முதல் நாள் ஏகக் குஷி. கலெக்டர் விடுமுறை அறிவித்துவிட்டார் என்றதும் குழந்தைகள் குதிக்கின்றன. அடுப்பங்கரையில் வெங்காயப் பஜ்ஜி மணக்கிறது. பரணிலிருந்து பல்லாங்குழியும் பரமபதமும் இறங்குகின்றன. இரண்டாம் நாள், கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, ஈரத் துணிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட வேண்டியிருக்கிறது. மூன்றாம் நாள் பரமபதத்தில் பாம்பு கடித்ததற்காக நிஜச் சண்டையே வந்துவிடுகிறது.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் அசோக் நகர் வீட்டில் அந்த மூன்றாம் நாள் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மகளுக்கு எட்டு வயது. மெரினாவில் அலையில் நிற்க வேண்டும் என்று வந்தவள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். இன்னொரு ஜன்னலருகில் என் அத்தை.

அத்தையின் கதை வேறு. அவள் கோட்டூர்புரத்தில் இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள். 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு பெருகி வீட்டுக்குள் புகுந்தபோது, அவளும் மாமாவும் மாடி வீட்டுக்காரர்கள் தயவில் இரண்டு இரவுகள் கழித்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் கல்யாணப் போட்டோ வெறும் வெள்ளைக் காகிதம். அவளுடைய மாமியார் பத்திரிகையிலிருந்து வாரா வாரம் கிழித்து, படங்களோடு பைண்டு செய்து வைத்திருந்த ‘பொன்னியின் செல்வன்’ சேற்று உருண்டை. பிறகு அந்தப் பேட்டைப் பக்கமே அவள் போகவில்லை. மாமா காலமானபின் எங்களோடு இருக்கிறாள். மழை வலுத்தால் தூங்க மாட்டாள். வாசலில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியிருக்கிறது என்று எழுந்து எழுந்து பார்ப்பாள்.

“இன்றைக்கு மியூசியம் போகலாமா?” என்றேன் நான்.

“இந்த மழையிலா! எனக்கு வேண்டாம்மா. குழந்தையைக் கூட்டிக்கிட்டு நீ போயிட்டு வா” என்றாள் அத்தை.

“பாட்டி வரலைன்னா நானும் வரலை” என்றாள் சின்னவள். வழக்கு அவள் பக்கம் தீர்ப்பாயிற்று.

வானிலை நிலையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்த நாளில் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. அன்றைக்குப் பஜ்ஜியே கதி. அன்று அப்படி ஒன்றும் இல்லை. மெட்ரோ ரயிலில் அசோக் நகரில் ஏறினால், இடையில் மாறாமல் எழும்பூர் போய்விடலாம். கோயம்பேடு தாண்டியதும் வண்டி சுரங்கத்துக்குள் இறங்கிவிடுகிறது. “மழைச் சத்தமே கேட்கலையே!” என்றாள் அத்தை. மூன்று நாளில் அவள் முகம் சற்றுத் தெளிந்தது அப்போதுதான்.

எழும்பூர் மியூசியம் 1851-ல் ஆரம்பமானது. 1854 முதல் பாந்தியன் சாலையில் இருந்து வருகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தவறாமல் பார்க்கிறார்கள். உள்ளூர்க்காரர்களாகிய நாம் பஸ்ஸில் போகும்போது பார்ப்பதோடு சரி. ஒரே வளாகத்தில் தனித்தனிக் கட்டடங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடக் கையில் குடை அவசியம். சின்னவளுக்கு முதலில் கிடைத்தது திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. மங்களூர்க் கரையில் ஒதுங்கியதாம். “இதுவும் மழைக்கு ஒதுங்கினதா?” என்று கேட்டாள்!

செப்புத் திருமேனிகள் இருக்கும் கட்டடத்தில் நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். திருவாலங்காட்டு நடராஜரைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பிரெஞ்சுச் சிற்பி ரோடான் எழுதிய கட்டுரை 1921-ல் வெளியாயிற்று. நமக்கோ அந்த நடராஜர் ஆட்டோ தூரத்தில் இருக்கிறார்! திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் அத்தை நின்றுவிட்டாள். ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண். ஆனால் உடம்பில் எங்கே ஒட்டுப் போட்டது என்று தெரியாது. இங்கே இருக்கும் திருமேனிகளில் பல நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, தோண்டும்போது வெளிப்பட்டவை என்று சொன்னேன்.

“மண்ணுக்குள்ளே அத்தனை வருஷம் இருந்துமா மூக்கும் முழியும் இப்படி இருக்கு?” என்று கேட்டாள். பிறகு மெள்ள, “எங்க போட்டோ ரெண்டு நாளைக்குத் தாங்கலை” என்றாள். அந்த வெள்ளத்தைப் பற்றி அவளாக வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கோளரங்கம் என்று சின்னவள் சொல்லிவிட்டாள். பிர்லா கோளரங்கம் இருப்பது காந்தி மண்டபம் சாலையில்; அதாவது கோட்டூர்புரத்தை ஒட்டினாற்போல். நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். “குழந்தை ஆசைப்படுது” என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். சைதாப்பேட்டையில் ஆட்டோ ஆற்றுப் பாலத்தின் மேல் போனபோது கண்ணை மூடிக்கொண்டாள். நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் சென்னையில் நட்சத்திரம் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். வெளியே வானமே தெரியாமல் மேகம். உள்ளே சாய்ந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால், விளக்கு அணைந்ததும் வானம் முழுக்க நட்சத்திரம்! விடியற்கால வானத்தில் ஸப்தரிஷி மண்டலத்தைக் காட்டினார்கள். “அருந்ததி எது?” என்று அத்தை என் காதில் கேட்டாள். வாலிலிருந்து இரண்டாவதாக இருக்கும் வசிஷ்டருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒட்டிக்கொண்டிருப்பது என்று காட்டினேன்.

“கல்யாணத்தன்னிக்குத் தெரியுதான்னு கேட்டாங்க. தெரியுதுன்னு தலையை ஆட்டினேன். பட்டப்பகல்! என்ன தெரியும்? உன் மாமாவும் தலையை ஆட்டினார்” என்று சொல்லிச் சிரித்தாள்.

வெளியே வந்தால் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. ஒரு வண்டியை மடக்கி அதே சாலையில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குள் ஒதுங்கினோம். 2010-ல் திறந்த ஒன்பது தளக் கட்டடம் இது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. முதல் மாடி முழுவதும் குழந்தைகளின் ராஜ்யம். சின்னவளை அதிலிருந்து மீட்க முடியாது என்று தெரிந்தது. “மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்திலே ஒதுங்காதவள்னு எங்க அண்ணன் என்னைக் கேலி பண்ணும்” என்று சொல்லிக்கொண்டே அத்தை என்னோடு தமிழ்ப் பிரிவுக்கு வந்தாள்.

அலமாரியில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் இருந்தது. அவள் வீட்டுப் பிரதியில் இருந்த ஓவியர் மணியத்தின் படங்கள் இதில் உண்டா என்றுதான் முதலில் புரட்டினாள். பிறகு மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தக் கதை எங்கே தொடங்குகிறது என்று நேயர்களுக்கு நினைவிருக்கும்: ஆடிப் பெருக்கு நாள், வீரநாராயண ஏரி கரை ததும்ப நிற்கிறது, வந்தியத்தேவன் குதிரைமேல் கரையோடு வருகிறான். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டியது. அத்தை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து நான் தோளைத் தொட்டபோது, “இரு, இந்த அத்தியாயம் முடியட்டும்” என்றாள்.

மழைக்கால வெளியூர்வலத்துக்குச் சில யோசனைகள் சொல்லி வைக்கிறேன். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோளரங்கத்தில் காட்சி நேரத்தை முன்னாலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. ஈரக் குடையைப் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பையும், குளிர்சாதன அறைக்கு ஒரு சால்வையும், குழந்தைக்கு மாற்று உடையும் பையில் இருக்கட்டும்.

சாயங்காலம் மழை தூறலாகக் குறைந்தது. ஆட்டோவில் ஏறியதும் டிரைவர், “வந்த வழியேவாம்மா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

“கோட்டூர்புரம் பாலத்து வழியாப் போப்பா. பாலத்து மேலே கொஞ்சம் மெள்ளப் போ.”

அடையாறு பழுப்பு நிறமாக, கரைக்கு வெகு கீழே ஓடிக்கொண்டிருந்தது. அத்தை திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். அவள் குடியிருந்த தெருப் பக்கம் கையைக் காட்டி, “அங்கேதான் பாட்டி வீடு இருந்தது” என்று சின்னவளிடம் சொன்னாள். பாலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, “அந்தப் புஸ்தகம் அஞ்சு பாகமாச்சே. மழை இன்னும் எத்தனை நாளைக்காம்?” என்று கேட்டாள்.