சிவப்புச் சிலுவை இல்லாத விமானம்

யுத்தக் கதைகளில் எனக்கு அத்தனை பிரியம் கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் பீரங்கி முழங்கினால் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிற ஆசாமி நான். ஆனால், இரண்டாம் உலக யுத்தத்தில் காயம்பட்டவர்களை ஆகாய மார்க்கமாக ஏற்றி வந்த அமெரிக்க வைத்தியப் பிரிவுகளின் சரித்திரம் மட்டும் என்னை விடவில்லை.

இந்தப் பிரிவுகளுக்குச் சொந்த விமானம் கிடையாது. போர்முனைக்குக் குண்டும் பெட்ரோலும் கொண்டு போகிற டக்கோட்டா, அவற்றை இறக்கியதும், அதே வயிற்றில் ஸ்ட்ரெச்சர்களை அடுக்கிக்கொண்டு திரும்பும். போகும்போது வெடிமருந்து சுமக்கிற விமானம், வரும்போது மட்டும் சிவப்புச் சிலுவை தரித்துக்கொள்ள நியாயமுண்டா? ஆகவே சிலுவை இல்லை. எதிரி தாராளமாகச் சுடலாம். உள்ளே டாக்டரும் வழக்கமாக இருக்கமாட்டார். ஒரு நர்ஸ், ஒரு உதவியாளர், அவ்வளவுதான். அப்படியும் 11 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஏற்றி வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் 46 பேர்தான் என்கிறது கணக்கு.

1943 நவம்பர் 8-ம் தேதி, 807-வது பிரிவின் நர்ஸுகள் 13 பேர் சிசிலியிலிருந்து இத்தாலியின் பாரி நகருக்குக் காயம்பட்டவர்களை அழைத்து வரக் கிளம்பினார்கள். கூட 13 உதவியாளர்கள், விமானத்தை ஓட்டுகிறவர்கள் 4 பேர். புயலில் திசை தவறி, கடலுக்கு அக்கரையில், ஜெர்மானியர் பிடியிலிருந்த அல்பேனியாவில் போய் இறங்கிற்று விமானம். பிறகு நடைதான். பனிமலை, பேன், வயிற்றுக் கடுப்பு, தேய்ந்த செருப்பு. தங்களுக்கே போதாத சோளரொட்டியை மலைக் குடியானவர்கள் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அந்நியருக்கு இடம் கொடுத்தது தெரிந்தால் ஜெர்மானியர் வீட்டையே கொளுத்துவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

டிசம்பர் 29-ம் தேதி இவர்களை மீட்கவே ஜிரோகாஸ்டர் விமானத் திடலுக்கு மேல் விமானங்கள் வந்து வட்டமிட்டன. மலைச் சரிவில் ஒளிந்திருந்தவர்கள் சைகை காட்டினால் போதும், இறங்கிவிடும். ஆனால் ஜெர்மன் படை பக்கத்திலேயே இருந்தது. சைகை காட்டவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள், விமானங்கள் திரும்பிப் போயின. நான் எழுதுகிற நாவலானால் அந்த இடத்தில் ஒரு விமானத்தையாவது இறக்கியே தீர்த்திருப்பேன். வாசகர்களும் அதைத்தான் கேட்பார்கள். இறக்கியிருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்!

1944 ஜனவரி 9-ம் தேதி 27 பேர் படகில் பாரி வந்து சேர்ந்தார்கள். பெராத் ஊரில் சண்டையின்போது பிரிந்துபோன மூன்று நர்ஸுகள் ஒரு வீட்டில் மறைந்திருந்து, மார்ச் மாதம் தப்பினார்கள். 30 பேரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள்.

வழி காட்டியவர்களில் ஒருவர் பெராத்தைச் சேர்ந்த கோஸ்தாக் ஸ்தேஃபா. இங்கிலீஷ் தெரிந்தவர், பெண்டாட்டி பிள்ளைகள் உள்ளவர். யுத்தம் முடிந்து அல்பேனியாவில் அமைந்த கம்யூனிஸ்டு ஆட்சி 1948-ல் அவருக்கு மரண தண்டனை கொடுத்து நிறைவேற்றிவிட்டது.