இரவில் பிறக்கும் பாதை

தெருவொன்றை ஒருமுறை அமைத்துவிட்டால் அது பல்லாண்டு கிடக்கும் என்பதே நமது எண்ணம். பகலில் தேய்ந்து, இரவில் மீண்டும் பிறந்து, காலையிற் புத்தம் புதிதாய்க் காத்திருக்கும் பாதைகளும் உலகில் உண்டு. அத்தகைய பாதைகளை நோர்வே நாட்டின் மலையூர் ஒன்றிலே கண்டேன். கண்டதோடு நில்லாமல் அவற்றிலொன்றுக்குத் தீங்கும் செய்தேன். அந்தக் கதையையே இங்கு கூறப் புகுகின்றேன்.

ஒஸ்லோ நகரில் என் தமக்கையார் குடும்பம் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றது. மாசி மாதத்தில் அவர்களிடம் சென்றிருந்தபோது, "மாமா, இவ்வளவு தூரம் வந்துவிட்டு மலையைப் பாராமற் போகலாமோ?" என்று கேட்டு, மருமகன் எங்கள் எல்லோரையும் புகையிரதத்தில் ஏற்றினான். மியோசா என்னும் ஏரியின் கரையோரமாக வண்டி வடக்கே விரைந்தது. அந்நாட்டு ஏரிகளுள் மிகப் பெரியது அதுவே. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணத்தின் பின் லில்லெஹாமர் நகரை அடைந்தோம். 1994 ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் விழா நடந்த ஊர் அது. அங்கிருந்து மலையேறிச் சென்றால் ஷூஷோயன் என்னும் உல்லாச மலையூர் வருகின்றது. அது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 850 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது.

பனிச்சறுக்கு என்றதும் செங்குத்தான மலையுச்சியிலிருந்து பாய்ந்து வருவதையே நாம் நினைப்போம். இங்கு நடப்பது வேறு. மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மேட்டு நிலத்தில், நீண்டு ஒடுங்கிய பலகைகளைக் காலிற் பூட்டி, கைகளில் இரு கோல்களை ஊன்றிக் காத தூரம் செல்கின்றார்கள். ஐந்து வயதுக் குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் ஒரே பாதையிற் போகின்றார்கள். இவ்வாறு செப்பனிட்ட பாதைகள் அவ்வூரைச் சுற்றி 300 கிலோமீற்றருக்கு மேல் உள்ளன.

இம்மலைக்குப் பழங்கதையும் உண்டு. 1206 ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போரின் நடுவே, பகைவரிடமிருந்து காப்பதற்காக ஹோக்கோன் என்னும் அரச குழந்தையைப் 'பீர்கெபைனர்' எனப்பட்ட வீரர் இருவர் சுமந்துகொண்டு, கடுங்குளிரில் இம்மலைகளைக் கடந்தனர். குழந்தை பின்னர் நாட்டை ஆண்டது. அதன் நினைவாக 1932 முதல் ரேனாவிலிருந்து லில்லெஹாமர் வரை 54 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்றை நடத்தி வருகின்றனர். அதில் ஓடுவோர், குழந்தைக்குப் பதிலாக, 3.5 கிலோ எடையுள்ள பொதியை முதுகிற் சுமந்து செல்லவேண்டும். அவ்வோட்டத்தின் பாதையும் ஷூஷோயன் வழியாகவே போகின்றது.

சென்ற முதல் நாளே என் பிழை நேர்ந்தது. வெண்பனிமேல் இரு கோடுகள், புகையிரதத் தண்டவாளம்போல, இணைபிரியாது சென்றன. மிருதுவான பனியிற் கால் புதையாமல் நடக்க அதுவே வசதியென்று கருதி, சப்பாத்துக் காலோடு அதன்மேல் இருபது அடி நடந்துவிட்டேன்.

"தாத்தா, அது நடக்கிற இடம் இல்லை!" என்று கூவினாள் மருமகனின் ஏழு வயது மகள்.

அப்போது எதிரே சறுக்கி வந்த முதிய நோர்வேப் பெண்மணி ஒருவர் நின்றார். என் காலடிக் குழிகளைப் பார்த்தார். ஒரு சொல்லும் பேசாமல், தம் பலகையினாற் பனியைத் தள்ளி, குழி ஒவ்வொன்றையும் நிரப்பி அழுத்திவிட்டுப் போய்விட்டார். அவர் ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கம் உண்டாகியிராது.

அக்கோடுகளை இடுபவர் யார் என்று அன்று மாலை மருமகனை வினவினேன். பாதை செப்பனிடும் இயந்திரத்தின் சாரதி ஒருவர் அவனுக்கு அறிமுகமானவர். அவர் ஆங்கிலம் நன்கு பேசுவார். தம் பக்கத்து ஆசனத்தில் என்னை ஏற்றிக்கொள்ள மனமுவந்து இசைந்தார்.

ஆனால் அன்றிரவு வானம் மழையைக் கொட்டியது! குளிர்காலத்தின் நடுவே பெய்த மழை. மறுநாட் காலை பேத்தி, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து, வாழ்வில் முதன்முறையாக 5 கிலோமீற்றர் செல்ல இருந்தாள். "நாளை பாதை இருக்குமோ?" என்று கேட்டுக் கேட்டே அவள் உறங்கினாள்.

நள்ளிரவில் மழை ஓய்ந்தபோது நான் சாரதியிடம் போனேன். இயந்திரத்தை அவர் எனக்கு விளக்கினார். முன்னே அகன்ற தகடு மேடுகளை வழித்துப் பள்ளங்களை நிரப்பும். பின்னே பற்கள் பொருந்திய உருளை வேகமாகச் சுழன்று பனியை மாவாக்கும். அதன் பின்னால் வரும் பட்டை அதனைச் சமனாக்கி, சீப்பினால் வாரியதுபோல் நுண்ணிய வரிகளை இட்டுச் செல்லும். ஓரத்திலே, 2 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் இரு தடங்களை ஓர் அச்சு பதிக்கும். தடங்கள் பழைய முறையிற் செல்வோருக்கு. வரியிட்ட அகன்ற வெளி, 1980களிற் பரவிய, கால்களை அகல விரித்து உதைத்துச் செல்லும் முறையினருக்கு.

பனியை ஏன் மாவாக்க வேண்டும்? நொறுங்கிய சிறு மணிகள் நெருங்கி அமர்ந்து, குளிரில் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. அதற்குச் சில மணி நேர ஓய்வு வேண்டும். ஆதலாலேதான் இவ்வேலை, ஆட்கள் உறங்கும் இரவில் நடைபெறுகின்றது.

"அப்படியாயின் இப்பொழுதே தொடங்கலாமே?" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். ஈரப் பனியை உழுதால், பின்னர் குளிர் இறங்கும்போது பாதை முழுதும் கண்ணாடியாய் உறைந்துவிடும். மிகத் தாமதித்தாலோ, பனி கல்லாகி, உருளை அதனை மாவாக்காமற் கட்டி கட்டியாய்ப் பெயர்க்கும். இரண்டுக்கும் இடையே ஒரு சிறு பொழுது உண்டு. அதைத் தவறவிடலாகாது. "காலையிற் குழந்தைகள் வருகின்றார்கள். கண்ணாடிமேல் அவர்களை விட முடியாது" என்றார்.

காத்திருந்தோம். வெப்பமானி சுழியத்துக்கு ஒரு பாகை மேலே நின்றது. அவர் குடுவையிலிருந்து கோப்பியை ஊற்றி எனக்கும் தந்தார். இடையிடையே இறங்கிப் போய், ஒரு பிடி பனியை எடுத்துக் கையிற் பிழிந்து பார்த்தார். நீர் சொட்டியது. மறுபடி ஏறி உட்கார்ந்தார். ஒன்றரை மணியளவில் முகில் விலகி விண்மீன்கள் தெரிந்தன. குளிர் இறங்கிற்று. அடுத்த முறை அவர் பிழிந்த பனி, நீர் சொட்டாமல் உருண்டையாய் நின்றது. உடனே இயந்திரம் முழங்கியது.

விளக்கொளியில் மரங்களினூடே மெல்ல ஊர்ந்தோம். பின்னே திரும்பிப் பார்த்தேன். சிதைந்து கிடந்த பனி, புதிதாய் நெய்த துணிபோல் விரிந்து வந்தது. இத்தகைய மழை முன்னாளிற் குளிர்காலத்தின் நடுவே அரிது என்றும், இப்பொழுது அதனை அடிக்கடி காண்பதாகவும் அவர் சொன்னார். குளிர்காலம் குறுகி வருவதை ஐரோப்பா எங்கும் உணர்கின்றனர். சுவிற்சர்லாந்தின் டாவோஸிலும் சுவீடனின் ஒஸ்டர்சுண்டிலும், ஓராண்டின் பனியை மரத்தூளால் மூடிக் கோடை முழுதும் காத்து, அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் விரித்துப் பாதை போடுகின்றார்கள்.

காலையில் ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வந்தனர். தடங்கள் உறுதியாய் நின்றன. பேத்தி இருமுறை விழுந்தாள்; இருமுறை எழுந்தாள். 5 கிலோமீற்றரையும் முடித்து, கன்னம் சிவக்கத் திரும்பி வந்தாள்.

இத்தனை உழைப்பில் உருவாகும் பாதைக்குக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்தேன். கட்டாயக் கட்டணம் இல்லை என்றார்கள். விரும்பியோர் மனமுவந்து கொடுப்பதும் செலவுக்கு உதவுகின்றதாம். பயிரிடாத மலையிலும் காட்டிலும் எவரும் உலாவலாம் என்ற பழைய உரிமையை, 1957 ஆம் ஆண்டிலே அந்நாட்டார் சட்டமாக்கி வைத்திருக்கின்றனர். கேட்பாரின்றிக் கிடக்கும் பொதுப்பொருள் விரைவில் அழியும் என்பார்கள். அங்கே அது அழியாதிருப்பதற்குக் காரணம், இரவில் விழித்திருக்கும் சாரதி மட்டுமல்லர். அந்நியன் ஒருவன் இட்ட குழியைத் தம் வேலையென்று எண்ணி நிரப்பிச் சென்ற அம்மூதாட்டியுமே ஆவார்.

பிற்பகலில் வீடு திரும்பும்போது பாதையின் வரிகள் அனேகமாய்த் தேய்ந்துவிட்டன. நான் ஓரமாகவே, முழங்காலளவு பனியிற் புதைந்து புதைந்து நடந்தேன். "இப்போ சரி, தாத்தா" என்றாள் பேத்தி.