மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி வரை

மயிலாடுதுறைச் சந்திப்பிலிருந்து தரங்கம்பாடிக்குச் சென்ற இருப்புப்பாதை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. 1926இல் திறக்கப்பட்ட இந்த மீட்டர்கேஜ் கிளைப்பாதை 1986இல் மூடப்பட்டது. காவிரியின் தென்கரை வயல்களையும் கடலோரத்து டேனியர் நகரத்தையும் அறுபது ஆண்டுகள் இணைத்த ரயில் அது. பாதை முடிந்த ஊர் ஒரு துறைமுகப்பட்டினம். ஆனால் ரயில் வந்து சேர்ந்தபோது அதன் கடல் வணிகம் ஓய்ந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. தரங்கம்பாடியின் பழைய தெருக்கள் இடிபடாமல் எஞ்சியதற்கு இந்தக் காலதாமதம் ஒரு முக்கியக் காரணம்.

பாதையை அமைத்தது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து வசூலித்த தனி வரியைக் கொண்டு ரயில் போட்ட போர்டு அது. அதன் முதல் முயற்சியான மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதை 1894இல் ஓடத் தொடங்கியது. விவசாயி கட்டிய வரியில் விவசாயியின் ஊருக்கே ரயில் வந்தது என்பது உள்ளாட்சி வரலாற்றில் பெருமையோடு குறிப்பிட வேண்டிய செய்தி. தரங்கம்பாடிக் கிளை அந்த முயற்சியின் பிந்தைய வரவு. மாயவரம் என்றும் மாயூரம் என்றும் வழங்கிய ஊர் 1982இல் மயிலாடுதுறை என்று பெயர் பெற்றபோது, இந்தக் கிளைப்பாதைக்கு இன்னும் நான்கு ஆண்டு ஆயுளே இருந்தது.

சந்திப்பைவிட்டுக் கிழக்கே திரும்பினால் முதலில் மன்னம்பந்தல். அடுத்து செம்பனார்கோயில், ஆக்கூர். மூன்றும் நெல் வயல் சூழ்ந்த ஊர்கள். ஆக்கூர் தான்தோன்றீஸ்வரர் கோயிலும் சிறப்புலி நாயனாரும் சைவர்களுக்கு நன்கு தெரிந்தவை. அதன் பிறகு திருக்கடையூர். அமிர்தகடேஸ்வரர்–அபிராமி கோயிலில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்துகொள்ள எல்லாத் திசையிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. இன்று அவர்கள் வருவது பேருந்திலும் வேனிலும்தான்.

திருக்கடையூருக்கு அப்பால் தில்லையாடி. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்த வள்ளியம்மையின் பூர்வீக ஊர் இது. மறு ஆண்டே காந்தி இங்கு வந்தார். கடல் கடந்து கூலிக்குப் போன குடும்பங்களின் கதை இந்தக் கரையோர ஊர்கள் பலவற்றுக்கும் பொதுவானது.

கடைசிக்கு முந்தைய ஊரான பொறையாற்றில்தான் இந்தப் பாதையின் தொழில் வரலாறு தொடங்குகிறது. தரங்கம்பாடியில் இயங்கிய கிறிஸ்தவ மிஷனின் அச்சகத்துக்குத் தாள் செய்வதற்காக 1715ஐ ஒட்டி இங்கு ஒரு காகித ஆலை நிறுவப்பட்டது. ஆலை நீடிக்கவில்லை. ஆனாலும் அப்பகுதிக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பாதையின் முடிவான தரங்கம்பாடி, டேனியருக்கு முந்தைய ஊர். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயில் கடற்கரையில் நிற்கிறது. அதன் முன்பகுதியை அலை அரித்துத் தின்றுவிட்டது. 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனியருடன் ஒப்பந்தம் செய்து இங்கு வணிகம் செய்ய இடம் தந்தார். ஓவ யெட்டெ என்ற டேனிய அதிகாரியின் தலைமையில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. கப்பல் அணையும் துறைமேடை என்று எதுவும் கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கையும் ஆளையும் படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். பருத்தித் துணியும் மிளகும் முக்கியச் சரக்கு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டபோது, நடுநிலை நாடான டென்மார்க்கின் கொடிக்குக் கீழ் சரக்கு பாதுகாப்பாகப் போய்வந்ததால் வணிகம் பெருகியது.

துணி வணிகத்தைவிட ஆழமான தடம் பதித்த தொழில் அச்சு. 1706 ஜூலையில் வந்திறங்கிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் அமைத்தார். அச்சு இயந்திரம் லண்டனிலிருந்தும், தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்தும் வந்தன. ஹாலே எழுத்துகள் அளவில் பெரியவை, தாளைத் தின்றன. தாளோ கடல் கடந்து வரவேண்டிய பொருள். ஆகவே சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். எழுத்து வார்ப்பு, அச்சு, காகிதம் ஆகிய மூன்றும் சில மைல் சுற்றளவில் நடந்த இடம் அன்றைய இந்தியாவில் அரிது. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் நிறைவுற்றது. 1719இல் சீகன்பால்கு இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

1845இல் டென்மார்க் தன் இந்தியக் குடியிருப்புகளான தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. அதன்பின் 1860 வரை தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடம் இங்கு இருந்தது. நாகப்பட்டினத்துக்கு 1861இல் ரயில் வந்ததும் சரக்கு முழுவதும் அங்கே திரும்பியது. இங்கு ரயில் வர இன்னும் 65 ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் ஏற்றுமதி செய்ய வணிகரும் இல்லை, வாங்கிப் போகக் கப்பலும் இல்லை. புதிய ஆலைகளும் கிடங்குகளும் வராததால் பழைய தெருக்களின் அமைப்பு மாறவில்லை.

பொறையாற்றிலிருந்து வரும் சாலை, 1792இல் கட்டப்பட்ட நகரவாசலைக் கடந்து ராஜா வீதியில் நுழைகிறது. ஒருபுறம் 1701இல் எழுந்த சீயோன் ஆலயம், எதிரே புதிய எருசலேம் ஆலயம், தெருமுனையில் கோட்டை. பெரிய வீடுகள் சில பள்ளிகளாகவும் கன்னியர் மடமாகவும் விடுதிகளாகவும் பயன்படுகின்றன. பக்கத்துத் தெருக்களில் திண்ணையும் முற்றமும் வைத்த ஓட்டு வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. கடலை ஒட்டி மீனவர் குடியிருப்பு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பெரிதும் உயிர் இழந்தவர்கள் அந்த மீனவர்கள்தான். அதன்பின் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் டேனிய உதவிகளும் பல பழைய வீடுகளைச் சீரமைத்தன. கோட்டையில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது.

பழைய வீட்டில் குடியிருப்பது எளிதல்ல. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் உப்புக்காற்றில் உதிர்கிறது. அதைச் சிமென்டால் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் விரைவில் கெடுகிறது. சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டனர். தேக்கு உத்திரம் ஒன்றை மாற்றும் செலவு சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது. பாரம்பரியத் தெரு என்று அறிவித்துக் கட்டுப்பாடு விதிப்பதோடு, அங்கே குடியிருப்பவருக்குப் பழுதுபார்க்கப் பணமும் தேர்ந்த கொத்தனாரும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. விடுதிகளுக்கு மட்டும் கிடைக்கும் சீரமைப்பு குடியிருப்பவரை வெளியே தள்ளிவிடும்.

1986இல் நின்ற ரயிலை மீண்டும் விடவேண்டும் என்ற கோரிக்கை இன்றும் தொடர்கிறது. அதே காலத்தில் மூடப்பட்ட பேரளம்–காரைக்கால் பாதை அகலப்பாதையாக மறுபடி போடப்பட்டுள்ளது. மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதையில் மட்டும் வேலை தொடங்கவில்லை.